போர் நடந்த இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது: வேலூர், செஞ்சி, ஸ்ரீரங்கப்பட்டணம்

நொய்யல்கரை

வணக்கம். அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஒரு பயணம் யோசித்திருக்கிறோம். எப்போதும் ஊட்டி, இல்லையென்றால் ஏதாவது கோயில். இந்த முறை எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் வேலூர்க் கோட்டைதான் வேண்டும் என்கிறாள். 1806 புரட்சியைப் பாடத்தில் படித்ததிலிருந்து அதே பேச்சு. நான்காம் வகுப்புப் பையனுக்குப் பீரங்கி இருந்தால் எந்த ஊரும் சரி. மாமியாரும் வருகிறார், முழங்கால் வலி, அதிகம் படி ஏற முடியாது.

திருப்பூரிலிருந்து காரில் கிளம்பி வேலூர், செஞ்சி இரண்டையும் பார்க்கலாம் என்று எண்ணம். ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் இதிலேயே சேர்ப்பதா, தனியாக வைத்துக்கொள்வதா?

வழி கேட்பதைவிட முக்கியமான ஒரு கேள்வியும் இருக்கிறது. என் கணவர், "ஆட்களை வரிசையாக நிறுத்திச் சுட்ட இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் என்ன காட்டப் போகிறாய்?" என்கிறார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மலையேறி

செஞ்சியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

காலையில் கோட்டை திறக்கும்போதே உள்ளே இருங்கள். ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி உயரம். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும், பிள்ளைகள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மதியத்துக்கு மேல் மலை ஏற விடவும் மாட்டார்கள். தண்ணீர் நிறைய வேண்டும், ஆனால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். குரங்குகள் பிடுங்கிவிடும். தின்பண்டம் பைக்குள்ளேயே இருக்கட்டும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

மாமியாருக்குக் கவலை இல்லை. கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம், வெங்கடரமணர் கோயில் எல்லாம் அடிவாரத்திலேயே இருக்கின்றன. நிழலும் உண்டு. ஒருவர் அவரோடு கீழே இருக்க, மற்றவர்கள் ஏறலாம்.

ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம் வரும். அதன்மேல் ஒரு சிறு பாலம். அங்கே பிள்ளைகளை நிறுத்தி, "இந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை எப்படிப் பிடிப்பாய்?" என்று கேளுங்கள். 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்ததற்கு விடை அங்கே கிடைக்கும். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கடைசியில் கோட்டை விழுந்தது, ஆனால் அதற்குள் அவர் தப்பிப் போய்விட்டார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சிதான். அதனால் இப்போது கூட்டம் கூடுதல், விடுமுறை நாளில் இன்னும் சீக்கிரம் போய்விடுங்கள்.

---

பாலாற்றங்கரை

நொய்யல்கரை அம்மா, நான் வேலூர்க்காரன், வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் கணவரின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு யோசனை.

நேராக வேலூர்க் கோட்டைக்குள் நுழையாதீர்கள். வேலூரைத் தாண்டி ஆற்காடு வரை போங்கள். அங்கே பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்று ஒரு வாசல் மட்டும் நிற்கிறது. 1751-இல் ஆங்கிலக் கம்பெனியின் கிளைவ் பிடித்து வைத்துக்கொண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் மிச்சம் அதுதான். அதைப் பார்க்க அதிக நேரம் ஆகாது. அங்கிருந்து வேலூருக்குத் திரும்புங்கள், சுமார் 25 கிலோமீட்டர். 1806 ஜூலை 10 காலையில், புரட்சியை அடக்க ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு ஓடி வந்த வழி ஏறத்தாழ இதுதான். வண்டி ஓடும்போதே கதையைத் தொடங்கிவிடுங்கள், கோட்டை வாசலுக்கு வரும்போது பிள்ளைகள் கதைக்குள் இருப்பார்கள்.

கதையை எங்கிருந்து தொடங்குவது என்பது முக்கியம். துப்பாக்கிச் சூட்டிலிருந்து தொடங்கினால் அது சினிமாச் சண்டை ஆகிவிடும். தலைப்பாகையிலிருந்து தொடங்குங்கள். சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிராடக் புது விதிகள் கொண்டுவந்தார். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும், தோல் பட்டம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே நேரத்தில் வலித்த விதிகள் இவை. மே மாதமே வேலூரில் எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்களுக்குக் கசையடி கொடுத்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இது நன்றாகவே புரியும்.

திப்பு 1799-இல் இறந்தபின் அவர் குடும்பத்தை இந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம், கோட்டைக்குள் ஆள் நடமாட்டம் அதிகம். விடிவதற்கு முன்பே சிப்பாய்கள் எழுந்தார்கள். பாளையத்தில் தூங்கிக்கொண்டிருந்த 69-ஆம் ஆங்கிலப் படைப்பிரிவினரைச் சுட்டார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோட்டைத் தலைவர் ஃபேன்கோர்ட்டும் இறந்தார். கொடிமரத்தில் திப்புவின் கொடி ஏறியது. சில மணி நேரத்தில் கில்லெஸ்பி வந்தார், வாசல் கதவைப் பீரங்கியால் உடைத்தார்கள். அதன்பின் நடந்ததுதான் உங்கள் கணவர் சொன்னது. அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சிப்பாய்களை, நூறு பேர் அளவில், வெளியே கொண்டுவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் இறந்த சிப்பாய்கள் பல நூறு. பிறகு விசாரணை நடத்தித் தூக்கிலிட்டதும் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டதும் தனி.

பாடப்புத்தகத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கில்லெஸ்பியோடு வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் அல்ல. 19-ஆம் டிராகூன் என்ற ஆங்கிலக் குதிரைப்படையோடு சென்னைக் குதிரைப்படையின் 7-ஆம் பிரிவும் வந்தது. அவர்களும் இந்த நாட்டு வீரர்கள்தான், கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளத்தில் இருந்தவர்கள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். "அவங்க ஏன் இந்தப் பக்கம் சேரலை?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

அப்புறம் பார்க்க வேண்டியவை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் (நீண்ட காலம் பூசை இல்லாமல் கிடந்தது, 1981-இல்தான் மறுபடி லிங்கம் வைத்தார்கள்), மசூதி, தேவாலயம், அரசு அருங்காட்சியகம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதற்கேற்ப நாளை முடிவு செய்யுங்கள். மாமியாருக்குக் கோயில் மிகவும் பிடிக்கும், அந்தக் கல்யாண மண்டபத் தூண்களுக்கே ஒரு மணி நேரம் போகும். தரை சமம், படித் தொல்லை இல்லை.

வெளியே வந்தபின் இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். கோட்டைக்கு அருகில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அன்று இறந்த ஆங்கிலேயர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது, ஒவ்வொரு ஜூலை 10-ம் தேதியும் அங்கே மலர்வளையம் வைப்பார்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் பெயரும் பதவியும் வெட்டிய கற்களைக் காணலாம். சுவரோரம் சுடப்பட்டவர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு கல் இல்லை.

உங்கள் கணவரிடம் இதைத்தான் சொல்வேன். கல் இல்லாதவர்களுக்கு, அந்த இடத்தில் நின்று யாராவது கதை சொன்னால்தான் உண்டு.

---

சாலைப்பறவை

> அந்த இடத்தில் நின்று யாராவது கதை சொன்னால்தான் உண்டு

ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் நடப்பது வேறு. போன வருடம் வேலூர்க் கோட்டையில் நான் கண்டது: அகழி ஓரம் ஐஸ்கிரீம், மதில்மேல் செல்ஃபி, பீரங்கிமேல் குழந்தையை உட்கார வைத்துப் போட்டோ. ஒரு குடும்பம்கூட 1806 என்று வாய் திறக்கவில்லை. இறந்தவர்களுக்கு இது மரியாதையா? நான்காம் வகுப்புப் பையனுக்குத் துப்பாக்கியால் சுட்டது மட்டும்தான் மனதில் நிற்கும், வீட்டுக்கு வந்து அதையே விளையாடுவான். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இந்த மாதிரி இடம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

---

பாலாற்றங்கரை

சாலைப்பறவை, ஐஸ்கிரீம் விற்பதில் எனக்கு வருத்தம் இல்லை. கோட்டை ஊருக்கு நடுவில் இருக்கிறது, மாலையில் ஊரே அங்கேதான் நடக்க வருகிறது. ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் நுழையவே அனுமதி கேட்க வேண்டியிருந்த இடம் அது. இன்று அங்கே பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பார்க்க எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

பீரங்கிமேல் ஏற்றுவது வேறு. அதை நானும் தடுப்பேன்.

சின்னவனுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பாகைக் கதையும் கில்லெஸ்பியின் குதிரையும் போதும். சுவரோரம் நடந்ததைப் பெரியவளிடம் தனியாகச் சொல்லலாம். வகுப்பில் நான் அப்படித்தான் செய்வேன், ஆறாம் வகுப்புக்கு ஒரு அளவு, பத்தாம் வகுப்புக்கு ஒரு அளவு.

---

கரிசல்மண்

எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்லுங்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானே வருகிறேன்.

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிற்கும் கோட்டை 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய கோட்டையின் அடித்தளம் பக்கத்திலேயே இருக்கிறது. பலர் புதுக் கோட்டையைச் சுற்றிவிட்டு அதைப் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, தரையோடு தரையாக மதில் போன தடம்தான். ஆனால் அந்தத் தடத்தை வைத்துத்தான் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் கதையைச் சொல்ல வேண்டும். 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள், கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை இதே இடத்தில் சில நாட்களில் மண்ணாலேயே கோட்டையை எழுப்பினார். ஊர் சனம் மொத்தமும் மண் சுமந்தது. அதை உடைக்க வெள்ளைக்காரனுக்கு மே மாதம் வரை ஆயிற்று. பீரங்கிக் குண்டு கருங்கல் மதிலைப் பிளக்கும், இந்த மண் மதிலுக்குள்ளே போய்ப் புதைந்துவிடும் என்பார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள்.

அங்கே இறந்த ஆங்கிலச் சிப்பாய்களின் கல்லறைகளும் கொஞ்ச தூரத்தில் முள்ளுக்கு நடுவில் இருக்கின்றன. வேலூர் ஐயா சொன்னது மாதிரி அதையும் காட்டுங்கள். எங்கிருந்தோ கப்பலில் வந்து இந்தக் கரிசல் வெயிலில் செத்துப் போன பையன்கள் அவர்களும்.

அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி இரண்டும் ஒரே நாளில் முடியும்.

---

காவிரித்தீவு

மைசூரில் இருக்கிறேன், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வருகிற உறவினர் எல்லோருக்கும் நான்தான் வழிகாட்டி.

நொய்யல்கரை, இதை வேலூரோடு சேர்க்காதீர்கள், தனியாக வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரிலிருந்து சத்தியமங்கலம் மலைப்பாதை வழியாகவே வந்துவிடலாம், வேலூர் சுற்று எதற்கு. ஆனால் ஒரு நிபந்தனை: வருவதற்கு முன்னால் புள்ளலூரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

புள்ளலூர் காஞ்சிபுரத்துக்கு வடக்கே ஒரு கிராமம். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை அங்கே சுற்றி வளைத்து முடித்தார்கள். திப்புவின் ராக்கெட்டுகள் பேர்பெற்ற போர் அது. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததும் ஆட்டம் முடிந்தது. பக்கத்தில் காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்த ஆங்கிலத் தளபதி மன்றோ உதவிக்குப் போகவில்லை. மறுநாள் கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி ஒரு போர். அதில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பிய தூண்கள் இன்னும் வயலோரம் நிற்கின்றன.

இதே புள்ளலூரில்தான் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் தன் எதிரிகளை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அந்த எதிரி சாளுக்கியன் புலிகேசி என்பார்கள். ஆயிரத்து நூறு வருட இடைவெளியில் ஒரே ஊரின் வயலில் மறுபடி படை மோதல்! காஞ்சிக்கு வடக்கிலிருந்து வருகிறவனை அங்கேதான் மறிக்க முடியும் போல.

இப்போது ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரிக்கு நடுவில் உள்ள தீவு, திப்புவின் தலைநகர். தரியா தௌலத் பாக் மாளிகையின் சுவரில் அந்தப் புள்ளலூர்ப் போரே பெரிய ஓவியமாக இருக்கிறது. பல்லக்கில் பெய்லி, சுற்றிலும் சதுரமாக நிற்கும் சிவப்புச் சட்டைகள், நடுவில் வெடிக்கிற வண்டி. அந்த வயலை நேரில் பார்த்த பிள்ளைகள் இந்தச் சுவர் முன்னால் நின்றால் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். 1799-க்குப் பிறகு இந்த மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளில் நெப்போலியனை வென்ற வெலிங்டன்), தன் நாட்டுப் படை தோற்ற அந்த ஓவியத்தைப் புதுப்பிக்கச் செய்தார் என்பதையும் சொல்லுங்கள்.

அங்கிருந்து பெய்லி சிறை. வளைந்த கூரையும் சுவரில் சங்கிலி மாட்டக் கற்களும் உள்ள நிலவறை. பெய்லி சிறையிலேயே 1782-இல் இறந்தார். அவரோடு பிடிபட்ட டேவிட் பெய்ர்ட் என்ற இளம் அதிகாரி மூன்றரை வருடத்துக்கு மேல் இந்தத் தீவில் அடைபட்டுக் கிடந்தார். 1799 மே 4 அன்று மதிலை உடைத்து உள்ளே புகுந்த படையை நடத்தி வந்தவர் அதே பெய்ர்ட். புள்ளலூரிலிருந்து ஆரம்பித்தால் இந்த மனிதர்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

திப்புவின் உடல் கிடந்த இடத்தில் ஒரு கல், கடைசியாகக் கும்பஸ் என்ற கல்லறை மாளிகை. ஹைதர், திப்புவின் தாய், திப்பு மூவரும் அங்கே. உள்ளே செருப்பைக் கழற்றி, சத்தம் போடாமல் நின்றுவிட்டு வாருங்கள். தீவு முழுக்கச் சமதளம், ஆட்டோ, குதிரைவண்டி கிடைக்கும்.

---

தென்றல்வாசல்

திப்புவைப் பற்றி இவ்வளவு உருகுகிறீர்கள். கூர்க்கிலும் மலபாரிலும் அவர் செய்ததை யார் பிள்ளைகளுக்குச் சொல்வது?

---

காவிரித்தீவு

நீங்கள் சொல்லுங்கள், நானும் சொல்வேன். என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். குடகர்களைச் சிறைப்பிடித்துக்கொண்டு வந்ததும் இதே தீவுக்குத்தான். போர்க்களத்தைப் பார்க்கப் போகிறவர் ஒருவரைக் கும்பிடப் போகவேண்டும் என்று இல்லையே.

---

நெறியாளர்

திப்பு பற்றிய விவாதத்துக்கு வரலாறு பகுதியில் தனி இழை இருக்கிறது. இங்கே பயணத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

---

ரப்பர்தோட்டம்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நொய்யல்கரை அக்காவின் கணவர் கேட்ட கேள்வியை எங்கள் வீட்டிலும் கேட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

நாங்கள் குடும்பத்தோடு தாய்லாந்தில் காஞ்சனாபுரி போனோம். பாங்காக் பக்கம் போகிறவர்கள் குவாய் ஆற்றுப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அது சயாம் மரண ரயில்பாதையின் ஒரு துண்டு. 1942-43-இல் ஜப்பானியர்கள் தாய்லாந்திலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர் போட்ட பாதை. என் அப்பாவின் பெரியப்பா பேராக்கில் ரப்பர்த் தோட்டத்திலிருந்து அங்கே போனவர், திரும்பவில்லை. "நல்ல சம்பளம், மூன்று மாத வேலை" என்று சொல்லித்தான் தோட்டங்களிலிருந்து ஏற்றினார்கள். பிறகு வலுக்கட்டாயமாகவும் பிடித்துப் போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி. மலாயாவிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் இறந்தார்கள்.

காஞ்சனாபுரி நகரத்தில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறை இருக்கிறது. ஏறத்தாழ 7000 பேர், ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, படைப்பிரிவு பொறித்த தகடு, பூச்செடி, வெட்டிய புல். அவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கவும் வேண்டும். போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களுக்கு அங்கே ஒரு வரிசைகூட இல்லை. என் மகளுக்கு அப்போது பத்து வயது. வரிசை வரிசையாகப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனவள், "நம்ம தாத்தா பேர் எந்த வரிசை?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்வேன். தரையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததை எல்லாம் அங்கேயே சொன்னேன். அவர் பெயர், எந்தத் தோட்டம், யார் யார் கூடப் போனார்கள், பாட்டி எத்தனை வருடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்று. மாமியார் கூட வந்திருந்தார், எனக்குத் தெரியாத சில விஷயங்களை அவர்தான் எடுத்துக்கொடுத்தார். அவர் வீட்டிலும் ஒருவர் போயிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அதை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

சாலைப்பறவை சொல்வது போல் பன்னிரண்டு வயது வரை காத்திருந்தால், சொல்ல வேண்டிய பெரியவர்கள் இருப்பார்களா என்பதையும் யோசிக்க வேண்டும்.

---

சாலைப்பறவை

ரப்பர்தோட்டம், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்கள் குடும்பத்து ஆள் இறந்த இடம் வேறு, சுற்றுலாவாகப் போகும் கோட்டை வேறு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பெரியவர்களைக் கூடக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

---

நொய்யல்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இழை முழுவதையும் கணவருக்குப் படித்துக் காட்டினேன். சென்னைக் குதிரைப்படைச் செய்தியில் நிறுத்தி, அதை மறுபடி படிக்கச் சொன்னார். வண்டி ஓட்டச் சம்மதித்துவிட்டார்.

இப்போதைய திட்டம்: முதல் நாள் ஆற்காடு போய், திரும்பி வேலூர், இரவு அங்கேயே. இரண்டாம் நாள் மறுபடி கிழக்கே காஞ்சிபுரம், புள்ளலூர். மூன்றாம் நாள் வந்தவாசி வழியாகச் செஞ்சி. ஸ்ரீரங்கப்பட்டணம் கோடை விடுமுறைக்கு.

வந்தவாசியில் நிற்க ஏதாவது இருக்கிறதா? புள்ளலூரில் அந்தத் தூண்கள்வரை கார் போகுமா?

---

மலையேறி

வந்தவாசியில் கோட்டையின் சிதைந்த மதில்தான் மிச்சம். 1760 ஜனவரி 22-இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்த இடம். அடுத்த ஆண்டே புதுச்சேரி விழுந்தது. காரை ஓரம் கட்டி இதைச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். செஞ்சிக்கு முதல் நாள் இரவே போய்த் தங்கிவிடுங்கள், இல்லையென்றால் காலை ஏற்றம் போய்விடும். அப்படியானால் வந்தவாசி இரண்டாம் நாள் மாலையிலேயே வந்துவிடும்.

---

காவிரித்தீவு

புள்ளலூர் ஊருக்குள் போய்க் கேளுங்கள், வயல் வேலையில் இருப்பவர்களே காட்டுவார்கள். காரை ஊரிலேயே விட்டுவிட்டுக் கொஞ்சம் நடக்கத் தயாராகப் போங்கள், மழைக்குப் பிறகு வரப்பு சேறாக இருக்கும். மாமியாரை ஊருக்குள் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்காரச் சொல்லிவிடுங்கள், காபி வரும்வரை விடமாட்டார்கள். நெல் நட்டிருந்தால் வயலுக்குள் இறங்காமல் வரப்பிலேயே போகச் சொல்லுங்கள் பையனை.